எண்ணைப் போட்டவர் யார்?

1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் ரயிலில் எத்தனை பேர் இருந்தார்கள்? அச்சில் பெரும்பாலும் கிடைக்கிற பதில் 115. அதாவது 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். வேறு சிலர் 200 என்று எழுதுகிறார்கள். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் அவ்வளவு வரும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்த ரயிலையும் தனுஷ்கோடியையும் கடல் கொண்ட புயலில் இறந்தவர்கள் மொத்தம் 1,800க்கு மேல் என்ற எண்ணும் பல காலமாகச் சுற்றி வருகிறது. அந்தப் புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்த பிறகுதான் பாக் நீரிணைக்குள் இறங்கி இந்தப் பக்கம் வந்தது. அப்படியிருக்க, 1,800 எந்தக் கரைக்கான கணக்கு என்று கேட்காமலேயே பலரும் அதைத் தனுஷ்கோடியின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் கடைசி வாரத்தில் இந்த மூன்று எண்களும் செய்தித்தாளிலும் வாட்ஸாப்பிலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும். எது சரி என்ற வாக்குவாதமும் கூடவே வரும்.

எது சரி என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது வேறொன்று என்பதுதான் இந்தக் கட்டுரையின் பேச்சு. அந்த எண்ணைப் போட்டவர் யார்? எதை எண்ணிப் போட்டார்? பயணி, ஊழியர் என்று பிரித்துச் சொல்கிற கணக்கு ரயில்வே பக்கத்திலிருந்து வந்தது என்பது அந்தப் பிரிப்பிலேயே தெரிகிறது. டிக்கெட் வேண்டாத கைக்குழந்தை அதில் இருக்காது. 200 என்று சொல்பவரின் மனத்தில் இருப்பது பெட்டிக்குள் இருந்த உடல்கள். இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். வரலாற்றையும் தரவையும் சேர்த்துப் பார்க்கிற பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்கள் இப்போது பெருகி வருகின்றன. அப்படியொரு குழு இராமநாதபுரம் கடற்கரையில் வேலை செய்யும்போது, பேராசிரியரின் பெயர் கட்டுரையில் வரும், கணினி நிரல் எழுதியவர் பெயரும் வரும். பக்கத்தைப் படித்து எண்ணைக் கட்டத்தில் இட்டவரின் பெயர் வருவதில்லை. ஆனால் ஆய்வின் முடிவை அதிகம் அசைப்பது அவர் கைதான். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்த வேலை தமிழுக்குப் புதிதும் அல்ல. வரலாற்றாய்வாளர்கள் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, டோரு மட்சுயி மூவரும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். எந்தப் பட்டம் எந்தக் காலத்தில் பெருகியது, எந்த ஊரில் தேய்ந்தது என்பதைப் பெயர்களை எண்ணியே பேச முடியும் என்று அது காட்டியது. 1980களில் இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தபோதும் அதே எண்ணும் பழக்கம்தான் கைகொடுத்தது. ஓடுகளை எண்ணுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு கிண்ணம் உடைந்தால் பத்துத் துண்டும் ஆகும், முப்பதும் ஆகும். எல்லாத் துண்டையும் எண்ணினால் மெல்லிய பாத்திரம் நிறைய வந்ததாகத் தோன்றும். அதனால் விளிம்பையும் அடிப்பாகத்தையும் தனியாகப் பிரித்து எண்ணுவார்கள். ஒரு கிண்ணத்துக்கு அடி ஒன்றுதானே. இங்கிலாந்தில், தனுஷ்கோடி அழிந்த அதே 1964இல், பீட்டர் லாஸ்லெட்டும் டோனி ரிக்லியும் கேம்பிரிட்ஜில் மக்கள்தொகை வரலாற்றுக் குழுவைத் தொடங்கினார்கள். 1981இல் வந்த அந்தக் குழுவின் பெருநூலுக்கு அடித்தளம் 404 திருச்சபைப் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மாதவாரியாக எண்ணித் தாளில் நிரப்பியவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள். கணினிக்கு எண் போய்ச் சேரும் முன்பே அவர்கள் ஆயிரக்கணக்கான முடிவுகளை எடுத்திருப்பார்கள்.

பக்கத்தைப் படிப்பவர்

இந்தக் கடற்கரையின் பழைய கணக்குகளில் தமிழ் எண் வரும். ௧, ௨, ௩ தெரிந்தால் போதும் என்று நினைத்து உட்காருபவர் முதல் பக்கத்திலேயே சறுக்குவார். பழைய முறையில் பூஜ்ஜியம் கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள். ௰௨ என்றால் பத்தும் இரண்டும், ஆக 12. ௨௰ என்றால் இரண்டு பத்து, ஆக 20. ௱௰௫ என்றால் 115. இடமதிப்பு முறையில் மட்டுமே பழகியவர் ௰௨ஐப் பார்த்ததும் ‘10’, ‘2’ என்று அடுத்தடுத்து அடித்து 102 ஆக்கிவிடுவார். பன்னிரண்டு கலம் நெல் நூற்றிரண்டு கலமாகிவிடும். பிற்காலத்துச் சில கணக்குகளில் தமிழ் எண்ணையே இடமதிப்பு முறையில் ௧௨ என்று எழுதும் வழக்கமும் வருகிறது. ஆகவே எண்ணைப் படிக்கும் முன், இந்தக் கணக்குப்பிள்ளை எந்த முறையில் எழுதுகிறார் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். ஒரே ஏட்டுக்கட்டில் எழுதுபவர் மாறினால் முறையும் மாறலாம். கூட்டுத்தொகை போட்டிருக்கும் பக்கத்தை முதலில் எடுத்து, மேலே உள்ளவற்றைக் கூட்டிப் பார்ப்பதுதான் பத்திரமான வழி. கணக்கு ஒத்துவந்தால் முறை பிடிபட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுத்து ஒற்றுமை இன்னொரு தொல்லை. ௪ பார்க்க ‘ச’, ௬ பார்க்க ‘சு’. நான்குக்கும் ஆறுக்கும் நடுவே இருப்பது ஒரு இழுப்பு. மை வெளுத்திருந்தால் அந்த இழுப்புதான் முதலில் போகும். ௫ பார்க்க ‘ரு’ மாதிரியே இருக்கும், ரூபாய்க்குப் போடும் எழுத்தும் பக்கத்திலேயே நிற்கும். ஏட்டின் உச்சியில் இருக்கும் பிள்ளையார் சுழியைக் கணினி ‘2’ என்று படிக்கும், ஏனென்றால் ௨ம் ‘உ’வும் ஒரே வடிவம். யூனிகோடில் இந்தக் குறிகளுக்கெல்லாம் தனி இடம் உண்டு. ஆனால் வழக்கமான விசைப்பலகையில் அவை சட்டென்று கைக்கு வராது. அவசரத்தில் ௰ இருக்க வேண்டிய இடத்தில் ‘ய’வும், ௱ இருக்க வேண்டிய இடத்தில் ‘ள’வும் விழும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் அகப்படாது. கால், அரை, முக்கால் போக அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 என்று பின்னங்கள் வேறு. இவற்றைத் தசமமாக்கி அட்டவணையின் ஒரே நிரலில் போட்டுவிட்டால் பிறகு எதிலிருந்து வந்தது என்று திரும்பிப் போக வழியிருக்காது.

மேற்படி என்பதற்கான ௸ குறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஒரு குறியால் கெட்டுப்போகிற தரவு ஏராளம். ஊர்ப் பெயர் முதல் வரியில் ‘தொண்டி’ என்று இருக்கும், கீழே இருபது வரிக்கு ௸ ௸ ௸. உள்ளிடுபவர் உள்ளதை உள்ளபடி ௸ என்றே அடித்திருப்பார். அது நேர்மையான வேலை. அதன்பின் வேறொருவர் அந்தத் தாளை எடுத்து, தொகையின் வரிசைப்படி அடுக்கிப் பார்க்கலாம் என்று ஒரு பொத்தானை அழுத்துவார். அந்த நொடியில் இருபது வரியும் ஊரில்லா வரிகளாகிவிடும். தொண்டியின் வரவு தேவிபட்டினத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். திரும்ப அடுக்க வரிசை எண்ணும் இருக்காது. இதற்கு மருந்து எளிது. முதல் நிரலில் பக்க எண்ணும் வரி எண்ணும் கட்டாயம். ‘எழுதியபடி’ என்று ஒரு நிரல், ‘பொருள்’ என்று ஒரு நிரல். எழுதியபடி நிரலில் ௸ அப்படியே இருக்கட்டும். பொருள் நிரலில் தொண்டி என்று நிரப்பிய பிறகே அந்தத் தாள் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும்.

பணக் கணக்கிலும் இதே கதைதான். 1957 ஏப்ரல் 1க்கு முன்பான தொகை ரூபாய், அணா, பை என்ற கணக்கில் இருக்கும். 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஒரு அணா. 12-8-6 என்று எக்ஸெலில் அடித்தால் அது தேதியாக்கிவிடும், 2006 ஆகஸ்ட் 12 என்று காட்டும். இதைத் தவிர்க்க 12.86 என்று அடிப்பவர்கள் உண்டு, அது இன்னும் மோசம். சரியான மதிப்பு 12.53. எட்டணா என்பது அரை ரூபாய், ஆறு பை என்பது ரூபாயில் 192இல் 6 பங்கு. மூன்று நிரலாகப் பிரித்து உள்ளிட்டு, நான்காவதில் கணக்கிட்டுக்கொள்வதே ஒழுங்கு. உள்ளிடும் முன்பே நிரல்களை ‘உரை’ என்று மாற்றிவிட்டால் தேதித் தொல்லையும் வராது.

கடற்கரையில் காகிதம் படும் பாடு தனி. உப்புக் காற்றில் ஈரம் ஏறி ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டும், இராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை சரியாக ஓர் எண்ணின் மேல் வந்து நிற்கும். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும். கால் மணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருந்து எடுத்தால் தப்பிக்கலாம். ஓட்டை விழுந்த ஏட்டின் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைச் செருகிவிட்டே படம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பக்கத்து எண் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும், படிப்பவர் அதை இந்தப் பக்கத்து எண்ணாகவே படிப்பார்.

இத்தனையும் தெரிந்தவர் யார்? பெரும்பாலும் பழைய பத்திரங்களோடு புழங்கியவர்கள், பத்திரம் எழுதியவர்கள், கணக்குப்பிள்ளை வீட்டில் வளர்ந்தவர்கள். பரம்பரைக் கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் 1980இல் ஒழிந்தன. அந்தக் கையெழுத்தைச் சரளமாகப் படிப்பவர்களும் அதோடு குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆய்வுத் திட்டங்களில் இவர்களுக்கு ‘உதவியாளர்’ என்ற பெயரும் பக்கக் கணக்கில் கூலியும்தான். பக்கக் கணக்கில் கூலி கொடுத்தால் வேகம்தான் கிடைக்கும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் ஒருவர் வேலையை ஒருவர் பார்க்காமல் உள்ளிட்டு, வேறுபடும் கட்டங்களை மூன்றாமவர் தீர்க்கும் முறைக்குச் செலவு இரட்டிப்பாகும். அந்தச் செலவைச் செய்யாத திட்டம் பிற்பாடு எவ்வளவு நுட்பமான புள்ளியியல் போட்டாலும் அடித்தளம் ஆடிக்கொண்டேதான் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆண்டும் எல்லையும்

ஆண்டு என்ற நிரலும் அப்பாவி இல்லை. 1964 டிசம்பர் புயல் ஆங்கில ஆண்டில் 1964, தமிழ் ஆண்டில் குரோதி, வருவாய்க் கணக்கில் பசலி 1374. பசலி ஜூலை 1இல் தொடங்குகிறது. பசலியோடு 590 கூட்டினால் ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் சரி, ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் 591 கூட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் 590 என்று ஒரே வாய்பாடு போட்டுவிட்டால் பாதி வரிகள் ஓர் ஆண்டு பின்னே போய்விடும். குரோதி என்று மட்டும் எழுதிய கணக்கில் அறுபது ஆண்டுச் சுற்றில் எந்தக் குரோதி என்பதை உள்ளே உள்ள வேறு சாட்சியை வைத்துத்தான் சொல்ல முடியும். இரவில் நடந்த ஒன்றுக்கு ஒரே தேதிக் கட்டம் போதாது. ரயில் கிளம்பிய நாள் 22 என்றால், கடல் புரண்டது 22க்கும் 23க்கும் நடுவே. ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்று இரண்டு நிரல் வைக்காததால் ஒரே சம்பவம் இரண்டாகப் பதிவாவது சாதாரணம்.

எல்லையும் நகரும். இராமநாதபுரம் மாவட்டம் 1910இல் உருவானது, 1985இல் மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முன்பான ‘இராமநாதபுரம்’ கணக்கில் இன்றைய சிவகங்கையும் விருதுநகரும் சேர்ந்திருக்கும். அதை 2011 மக்கள்தொகையான 13,53,445 உடன் நேராக வைத்து ஒப்பிட்டால், மாவட்டமே காலியாகிவிட்டது போலத் தெரியும். ஊர் அளவிலோ தாலுகா அளவிலோ இறங்கி, அங்கிருந்து மீண்டும் கூட்டிக்கொண்டு மேலே வருவதைத் தவிர வேறு வழி இல்லை. அப்படி இறங்கும்போது ஊர்ப் பெயர் வழிமறிக்கும். பாம்பனை வெள்ளைக்காரர்கள் ‘பி-ஏ-யு-எம்-பி-இ-என்’ என்று எழுதியிருக்கிறார்கள். கீழக்கரைக்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் என்று எண்ணி முடியாது. இந்த வேலைக்கு ஊர்க்காரர் ஒருவர் உடன் இருந்தால் மாதக்கணக்கில் நேரம் மிச்சம்.

பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தும்போதும் அதேதான். பொருத்துவதற்கு அசையாத புள்ளிகள் வேண்டும். கோயில் கோபுரம், பழைய பள்ளிவாசல், கலங்கரை விளக்கம், ரயில் பாலத்தின் கரைமுனை இவையெல்லாம் அசையாது. மணல்திட்டின் நுனியையும் முகத்துவாரத்தையும் கட்டுப்புள்ளியாக வைப்பவர், கடல் நகர்த்தியதைத் தன் கையால் அழித்துவிடுகிறார். நகர்ந்ததா என்று கண்டுபிடிக்க வேண்டிய பொருளையே நகராதது என்று வைத்துக்கொண்டால் விடை எப்படி வரும்?

ஆளா, நடையா

மண்டபம் முகாமில் ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை நிறுத்தி, நோய்ச் சோதனை செய்து, எண்ணி அனுப்பினார்கள். தோட்ட எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போன தலைமுறை அது. அங்கே எண்ணப்பட்டவை தலைகள். ஒரே ஆள் மூன்று முறை போய் வந்திருந்தால் மூன்று. ஆண்டுக்கணக்கை அப்படியே கூட்டி ‘இத்தனை லட்சம் பேர் போனார்கள்’ என்று எழுதுவது பிழை. ‘இத்தனை நடை’ என்பதுதான் அந்தப் பதிவு சொல்வது. நிரலின் தலைப்பில் ‘பேர்’ என்று போடுகிறாரா ‘நடை’ என்று போடுகிறாரா என்பதில் ஒரு முழு ஆய்வின் முடிவு தொங்குகிறது.

1971 வரை தலைமையகத்தை மண்டபம் முகாமில் வைத்திருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மீன் பிடிப்பைக் கணக்கிட வகுத்த முறை இந்த வகையில் ஒரு நல்ல பாடம். எல்லாக் கரையிலும் எல்லா நாளும் எண்ண முடியாது. அதனால் மாதத்தைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் நாளையும் இறங்குதளத்தையும் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்த நாளில் நண்பகல் 12 முதல் மாலை 6 வரை கணக்காளர் கரையில் நிற்பார், மறுநாள் காலை 6 முதல் 12 வரை மீண்டும் நிற்பார். நடுவே இரவில் வந்ததை விசாரித்துச் சேர்ப்பார். 15 படகு வரைக்கும் வந்தால் எல்லாவற்றையும் பார்ப்பார், மேலே போனால் மாதிரி எடுப்பார். இதில் எது பார்த்த கணக்கு, எது விசாரித்த கணக்கு, எது பெருக்கி வந்த கணக்கு என்ற மூன்றும் பிரிந்தே இருக்கும். பழைய ஏடுகளைத் தரவாக்குபவர்களும் இந்த மூன்றைப் பிரித்து வைத்தால் பாதிச் சண்டை தீரும்.

வெற்றுக் கட்டத்துக்கும் பூஜ்ஜியத்துக்கும் உள்ள தூரத்தையும் கரையில் நிற்பவர்தான் அறிவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது விசைப்படகு நிரலில் இருப்பது உண்மையான பூஜ்ஜியம். நாட்டுப்படகு அப்போதும் போகும், அதன் கட்டம் வெறுமையாக இருந்தால் யாரோ எழுதவில்லை என்று பொருள். வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், விசைப்படகுக்குச் சில நாள், நாட்டுப்படகுக்குச் சில நாள் என்ற ஏற்பாடும் உண்டு. வாடைக் காற்று வீசும்போது வடகடல் கலங்கும், தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும்போது மன்னார் வளைகுடாப் பக்கமான தென்கடல் கலங்கும். தேதியும் கரையின் பெயரும் தெரிந்தால், ‘இன்றைக்கு அந்தக் கட்டம் ஏன் காலி’ என்று ஒரு மீனவரால் பெரும்பாலும் சொல்லிவிட முடியும். அதே காலிக் கட்டத்தைச் சராசரியால் நிரப்பிவிடும்படி கணினி நிரல் எழுதியிருந்தால், கடலுக்கே போகாத நாளில் கரைக்கு மீன் வந்திருக்கும்.

கேட்பவர்

ஏடு முடிகிற இடத்தில் வாய்மொழி தொடங்குகிறது. தனுஷ்கோடியைப் பொறுத்தவரை அது கடைசிக் கட்டம். 1964இல் பத்து வயது இருந்தவர்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. கேட்பவர் செய்யும் பெரிய தவறு, மொத்தத்தைக் கேட்பது. “எத்தனை பேருங்கய்யா இறந்தாங்க?” என்று கேட்டால் “ஊரே போச்சு தம்பி” என்றுதான் வரும். அது பொய்யில்லை, ஆனால் கட்டத்தில் போட முடியாது. வற்புறுத்திக் கேட்டால் செய்தித்தாளில் படித்த 115ஓ 1,800ஓ அவர் வாயிலிருந்து திரும்பி வரும். நாம் அதைப் புதிய சாட்சி என்று நினைத்து எழுதிக்கொள்வோம். சரியான வழி தெருவில் நடப்பது. தரையில் மணலைத் தட்டி, “இது கோயில், இது ஸ்டேஷன், இது உங்க வீடு. பக்கத்து வீட்டுல யாரு இருந்தாங்க?” என்று கேட்டால் நினைவு வீடு வீடாக நகரும். ஒவ்வொரு வீட்டுக்கும் குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், அன்றிரவு யார் யார் ஊரில் இருந்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று நான்கே கேள்வி. மொத்தத்தை அவர் சொல்ல வேண்டியதில்லை. கூட்டுவது நம் வேலை.

இப்போது இரண்டு பட்டியல் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, காகிதத்திலிருந்து எடுத்த இறந்தவர் பெயர்கள், 60. மற்றொன்று, வீடு வீடாகக் கேட்டு எடுத்தது, 50. இரண்டிலும் இருக்கும் பெயர்கள் 40. இவை உதாரண எண்கள்தான். 1949இல் புள்ளியியலாளர்கள் சி. சந்திரசேகரனும் எட்வர்ட்ஸ் டெமிங்கும் கல்கத்தா அருகே சிங்கூரில் பிறப்பு, இறப்புப் பதிவு எவ்வளவு விடுபடுகிறது என்று கணக்கிட ஒரு முறையைக் காட்டினார்கள். வாய்மொழியில் வந்த 50 பேரில் 40 பேரை, அதாவது ஐந்தில் நான்கு பங்கை, காகிதம் பிடித்திருக்கிறது. அப்படியானால் காகிதத்தின் 60ம் மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குதான். 60ஐ 50ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால் 75. இரண்டு பட்டியலையும் சேர்த்தால் கிடைப்பது 70 பெயர்கள். எந்தப் பட்டியலிலும் வராத 5 பேர் இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாதவர்களை எண்ணுவதற்கு ஓர் இந்தியர் பங்கோடு பிறந்த வழி. தனுஷ்கோடி போன்ற ஓர் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த 40 எங்கிருந்து வந்தது? இங்கேதான் எல்லாமே திரும்புகிறது. காகிதத்தில் ‘சேகு முகமது’, வாய்மொழியில் ‘சேக்கு’. இருவரும் ஒருவரா? காகிதத்தில் ‘மு. காளியம்மாள்’, வாய்மொழியில் ‘முனியாண்டி பொண்டாட்டி காளி’. தலைப்பெழுத்து தகப்பன் பெயரா, கணவன் பெயரா? ஆங்கிலப் பதிவு என்றால் ழ, ள, ல மூன்றும் ஒரே எழுத்தாகிவிடும், ண, ன இரண்டும் ஒன்றாகும். குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மிடம் இல்லை. ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்த ஒலிப்பொருத்தக் கணினி நிரல்கள் இங்கே தடுமாறும். கடைசியில் ஒரு மனிதர் உட்கார்ந்து, வயதையும் வீட்டு வரிசையையும் கணவர் பெயரையும் பார்த்து, ‘இது ஒரே ஆள்’ என்றோ ‘வேறு ஆள்’ என்றோ முடிவு செய்கிறார். அவர் கொஞ்சம் கறாராக இருந்து 40க்குப் பதில் 30 பேரை மட்டுமே ஒன்று என்று ஒப்புக்கொண்டால், 60ஐ 50ஆல் பெருக்கி 30ஆல் வகுக்க வேண்டும். 100. அதே ஏடு, அதே வாய்மொழி, அதே வாய்பாடு. எழுபத்தைந்து நூறாகிறது. இருபத்தைந்து பேரைக் கூட்டவும் குறைக்கவும் ஒரே ஒருவரின் பொருத்தும் கைக்கு முடிகிறது. அந்த ஒருவரின் பெயர் வெளியாகும் கட்டுரையில் எங்கும் இருக்காது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் பொருத்தும் வேலைக்குக் கண்டிப்பு வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் பொருத்த வேண்டும். ‘உறுதி’, ‘இருக்கலாம்’, ‘இல்லை’ என்று மூன்று நிலை வைத்து, ‘இருக்கலாம்’ என்பவற்றைச் சேர்த்து ஒரு முறையும் விட்டு ஒரு முறையும் கணக்கிட்டு, இரண்டு எண்ணையும் வெளியிட வேண்டும். அதைவிட முக்கியம், பட்டியல்கள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. வீடு வீடாகக் கேட்கப் போகிறவர் காகிதப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு “காளியம்மாள்னு ஒருத்தர் இருந்தாங்களா?” என்று கேட்டால் “ஆமா, இருந்தாங்க” என்றே வரும். இரண்டு பட்டியலிலும் வரும் பெயர்கள் பெருகும், விடை சுருங்கும். ஆகவே ஏடு படிப்பவரும் ஊருக்குப் போகிறவரும் ஒரே அறையில் உட்கார்ந்தாலும், பட்டியல் முடியும் வரை ஒருவர் தாளை மற்றவர் காணாமல் இருப்பதுதான் குழுவின் ஒழுங்கு. சாதிப் பெயர் ஏட்டில் இருந்தால் எழுதியபடி நிரலில் அப்படியே இருக்கட்டும், பொருத்துவதற்கு உதவும். வெளியிடும் தாளில் அந்த நிரல் இருக்கக் கூடாது.

இத்தனை கவனமாகச் செய்தாலும் இந்த முறைக்குப் பிடிபடாத ஓர் இடம் உண்டு. ஒரு வீட்டில் அத்தனை பேரும் போய்விட்டால், காகிதத்தில் பெயர் கொடுக்கவும் ஆளில்லை, அறுபது ஆண்டு கழித்துக் கேட்டால் சொல்லவும் ஆளில்லை. ஒரு பட்டியலில் விடுபட்ட அதே காரணத்தால் அவர்கள் மற்றதிலும் விடுபடுகிறார்கள். அதனால் இந்தக் கணக்கில் வரும் விடையைக் கீழ் எல்லையாக மட்டுமே கொள்ள வேண்டும். ‘குறைந்தது’ என்ற சொல் அதன் முன்னால் நிற்காமல் அந்த எண் வெளியே போகக் கூடாது.

அப்படிப்பட்ட வீடு எப்போதாவது ஒரு வாக்கியத்தில் தலைகாட்டும். பக்கத்து வீட்டில் இருந்து பிழைத்தவர் பேச்சுவாக்கில், “எங்களுக்கு வடக்க ஒரு வீடு. பேரு மறந்துபோச்சு. புருசன், பொண்டாட்டி, பிள்ளைங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பெயர் இல்லையென்று அந்த வரியைத் தள்ளிவிடக் கூடாது. எழுதியபடி நிரலில் அவர் சொன்னது சொன்னபடி. பெயர் நிரல் வெற்று. ‘பிள்ளைங்க’ என்று பன்மையில் சொன்னதால் பிள்ளைகள் இரண்டுக்குக் குறையாது, ஆகவே குறைந்தபட்சம் என்ற கட்டத்தில் 4. அதிகபட்சம் என்ற கட்டத்தில் எதுவும் போட வேண்டாம். காரணம் என்ற நிரலில் ‘பன்மைச் சொல்லை வைத்து’ என்று ஒரு வரி. கடைசி நிரலில், அந்த 4ஐப் போட்டவர் தன் பெயரை எழுதுவார்.